வயதின் மேல் போடும் பழி

வயது வந்தோருக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் பேச்சு எழுந்ததும், “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். படித்தவர்கள் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், திட்டம் தீட்டும் இடத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். அதைவிடக் கொடுமை, கைநாட்டு வைப்பவர்களே அதை நம்பி, “எனக்கெதுக்கு இனிமே படிப்பு, புள்ளைங்க படிச்சாப் போதும்” என்று ஒதுங்கிக்கொள்வது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதைக் கடந்த பெண்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. இவ்வளவு பேரையும் ஒரு பழமொழியைச் சொல்லிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். அந்தப் பழமொழி உண்மையாக இருந்தாலாவது போகட்டும் எனலாம். எழுத்தைப் பொறுத்தவரை அது பொய்.

பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறியாதோர், வளர்ந்தபின் எழுத்துக் கற்றோர், சிறுவயதிலேயே பள்ளி சென்றோர் என மூன்று வகையினரின் மூளையை ஆராய்ந்த முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. படிக்கக் கற்றதால் மூளையில் நிகழும் மாற்றங்களில் பெரும்பாலானவை, வளர்ந்தபின் கற்றவர்களிடமும் காணப்பட்டன. ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் சான்று குறைவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல்குவாரியிலும் வயலிலும் உழைத்துவிட்டு இரவில் வந்து உட்கார்ந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவு வகுப்பில் குடியைப் பற்றிய பாடத்தைப் படித்துப் பேசிய தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992-இல் அந்தப் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவி, மறு ஆண்டே சாராயத்துக்குத் தடை வந்தது. 2018-இல் கேரளத்தின் எழுத்தறிவுத் தேர்வில் கார்த்தியாயினி அம்மா 100-க்கு 98 வாங்கியபோது அவருக்கு வயது 96.

அப்படியானால் பல வகுப்புகள் ஏன் பாதியிலேயே கரைந்துபோகின்றன? கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தலை விதிக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு 4,000 மணி நேரம். அதற்குப் பிறகும் சரளமாக வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. வயது வந்தவருக்கு நம் எழுத்தறிவுத் திட்டங்கள் ஒதுக்குவது மொத்தமே 200 மணி நேரம், அதாவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஓராண்டில் பெறுவதில் கால் பங்கு. அதுவும் நாள் முழுக்க வேலை செய்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடித்த களைப்பில். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 208 ரூபாய். கால் வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு உடம்பு தேறவில்லை என்று குறைசொல்வதற்கும், இதைக் கொடுத்துவிட்டு வயதைக் குறைசொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. வளர்ந்தபின் கற்பவர்கள் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறார்கள், வேகம் வர நாளாகிறது என்பது உண்மைதான். அதனாலேயே அவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவை. நாமோ குறைத்துக் கொடுக்கிறோம்.

இந்த 208 ரூபாய்க்குள் எல்லாம் அடங்குவதற்குக் காரணம், கற்பிப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பதே. அவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அறிவொளியைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள்தான். எழுத்துத் தெரிந்த யாரும் எழுத்தைக் கற்பித்துவிடலாம் என்ற அலட்சியத்தைத்தான் எதிர்க்கிறேன். அறிவொளிப் பாடநூல்கள் அரிச்சுவடியில் தொடங்கவில்லை. கற்போரின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்துக்குப் போயின. ஐம்பது வயதுப் பெண்ணை ஆறு வயதுப் பிள்ளையாக நடத்தக் கூடாது, அவர் கணக்கை மனத்தில் போடத் தெரிந்தவர், அந்த அறிவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் தன்னார்வலருக்குச் சொல்லித்தர வேண்டியவை. சில நாள் பயிற்சியும் ஒரு புத்தகக் கட்டும் கொடுத்து அனுப்பினால், தனக்குப் பள்ளியில் நடந்ததையே அவர் திருப்பி நடத்துவார். அவமானப்பட்ட கற்போர் மறுநாள் வரமாட்டார்.

அறிவொளியில் கற்றவர்களே பலர் மறந்துபோனார்களே என்பார்கள். மறந்தார்கள்தான். கற்றதைப் புழங்க நூலகமோ, பெரிய எழுத்துப் புத்தகமோ, தொடர் வகுப்போ இல்லாத ஊரில் பட்டம் பெற்றவருக்கும் வாசிப்பு தேய்ந்துதான் போகும். பிள்ளைகளின் கல்விக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாமே என்பது அடுத்த வாதம். பீகார், ராஜஸ்தான் கிராமங்களில் தாய்மாருக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்திப் பார்த்த ஆய்வில், பிள்ளைகளின் கணக்குத் திறன் சிறிதளவேனும் உயர்ந்தது. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் பங்கைப் பிடுங்கித்தான் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. செல்போனே படித்துச் சொல்லும் காலத்தில் எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள், ஏடிஎம் வாசலில் முன்பின் தெரியாதவரிடம் கார்டைக் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்லும் முதியவரை நினைத்துப் பார்க்கட்டும். நுண்கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைரேகை வைக்கும் பெண்ணுக்கு, படித்துச் சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்பதற்கு என்ன உறுதி?

வயது வந்தோருக்கான கற்பித்தல் நேரத்தை இரு மடங்காக்குங்கள். தன்னார்வலருக்கு முறையான பயிற்சியும் மதிப்பூதியமும் கொடுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் வகுப்பைப் பூட்டாமல், குறைந்தது இரண்டு ஆண்டுகள் வாசிப்பு வட்டமாகத் தொடருங்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாத அரசுக்கும் சமூகத்துக்கும், கற்க வந்தவரின் வயதைக் காரணம் காட்டும் உரிமை இல்லை.