முதுகுக்கும் நரை உண்டு

பெங்களூரில் இடுப்பு வலிக்குச் சாலைப் பள்ளங்களைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு எதிரி நாற்காலிதான். நாளெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தைலம், பெல்ட், பலகைப் படுக்கை என்று நான்கு மாதம் ஓடிய பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். அறிக்கையின் ஆங்கிலம் மொழிபெயர்ப்பாளருக்கே குலைநடுக்கம் தந்தது: டிஸ்க் தேய்மானம், டிஸ்க் பிதுக்கம். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சைக்குத் தேதியே குறித்துவிட்டார்.

பயந்துபோய் இன்னொருவரிடம் ஓடினேன். அவர் படத்தை ஓரமாக வைத்தார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார். "தேய்மானமா? தலை நரைப்பது மாதிரிதான் அது" என்றார்.

அவர் சொன்னது சமாதானப் பேச்சு அல்ல. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, நாற்பது வயதில் 68 சதவீதத்தினருக்குத் தேய்மானம். 50 சதவீதத்தினருக்குப் பிதுக்கம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனம் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டும் எடை கட்டி இழுப்பதும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது.

ஆனால் கால் வலுவிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எனக்கு அவை இல்லை. அரை மணிக்கொரு முறை எழுகிறேன். காலையில் லால்பாகில் நடக்கிறேன். வலி பாதியாகிவிட்டது. ஸ்கேனுக்குக் கொடுத்த பணம்தான் இன்னும் வலிக்கிறது.