வால்நட் ஒட்டினால் ஆச்சா?

நம் வகுப்பில் யார் போர்டைப் பார்த்தாலும் ஒரே அடுப்படி. கைப்பிடி இல்லாத வால்நட் கதவுகள், பித்தளைக் கம்பியில் தொங்கும் உருண்டை விளக்கு, நடுவில் பத்தடி நீளத்துக்கு ஒரு ஐலண்ட், அதன் மேல் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். கீழே "மிட்செஞ்சுரி மாடர்ன்" என்று எழுதிவிட்டால் முடிந்தது வேலை. (அந்த எலுமிச்சையை எப்போதாவது யாராவது பிழிந்தீர்களா மக்களே?)

இதெல்லாம் அடுப்படியே இல்லை, அடுப்படிக்குப் போட்ட மாறுவேஷம் என்பது என் கட்சி. திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். கேரா க்ரீன்பெர்க் 1984-ல் ஐம்பதுகளின் மரச்சாமான்கள் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பு அது. அதற்குப் பிறகுதான் இந்தச் சொல் இவ்வளவு பரவியது. 2007-ல் 'மேட் மென்' தொடர் வந்ததும் பித்து தலைக்கேறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொடரில் ட்ரேப்பர் வீட்டு அடுப்படியில் இருப்பது பைன் மர அலமாரியும் கட்டம் போட்ட வால்பேப்பரும்தான். பழைய பாணி! அந்தக் கால அமெரிக்க நடுத்தரக் குடும்பம் அப்படித்தான் வாழ்ந்தது.

நவீனமாக இருக்க ஆசைப்பட்டவர்களோ பெரும்பாலும் ஸ்டீலுக்குப் போனார்கள். யங்ஸ்டவுன், செயின்ட் சார்ல்ஸ் போன்ற கம்பெனிகள் தகட்டில் அலமாரி செய்து எனாமல் பெயின்ட் அடித்து விற்றன. மேடைக்கு ஃபார்மைக்கா. மஞ்சள், இளஞ்சிவப்பு, டர்க்காய்ஸ் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். மரமே கிடையாது என்று சொல்லவில்லை. இருந்தது, பல இடங்களில் ப்ளைவுட்டாக. காரணம் அழகு மட்டுமல்ல, விலையும்தான். நாமோ அதே தோற்றத்தை விலை உயர்ந்த வெனீரில் செய்து, ஏழைக்கும் எட்ட வேண்டும் என்று பிறந்த ஒரு பாணியைப் பணக்காரப் பண்டமாக்கிவிட்டோம்.

தோற்றத்தை விடுங்கள், என் உண்மையான சண்டை அளவுகளைப் பற்றியது. அந்த அடுப்படிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய உழைப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளில் வேலையை நொடி நொடியாக அளந்த லில்லியன் கில்பிரெத், 1920-களின் கடைசியில் அதே கண்ணோடு அடுப்படிக்குள் நுழைந்தார். 1940-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக்கூடாது என்பது அதன் வழியாக வந்த விதி. 1949-ல் அமெரிக்க விவசாயத் துறை 'நடையை மிச்சப்படுத்தும் அடுப்படி' என்றே ஒரு மாதிரியை வடிவமைத்துப் படம் எடுத்துக் காட்டியது. உட்கார்ந்து வேலை செய்யத் தாழ்வான இடம், மூலையில் சுழலும் தட்டுகள். ஒரு பெண் தினமும் எத்தனை தப்படி வீணாக நடக்கிறாள் என்று கவலைப்பட்டார்கள் ஐயா!

இப்போது உங்கள் ஐலண்டைப் பாருங்கள். முக்கோணத்தின் குறுக்கே படுத்திருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுத்து அடுப்புக்குப் போக அதைப் பிரதட்சிணம் வரவேண்டும். மேலே அலமாரி கிடையாது, திறந்த பலகைதான். தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தத் தட்டுகளில் எத்தனை நாளில் படியும் என்று ரெண்டரிங் சாஃப்ட்வேர் சொல்லாது.

அந்தக் காலத்து அடுப்படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சமையல் நிபுணர் ஜூலியா சைல்டுக்காக அவர் கணவர் பால் 1961-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்ப்ரிட்ஜில் அமைத்தது. ஜூலியாவின் உயரம் 6 அடி 2 அங்குலம். அமெரிக்காவில் மேடைக்கு வழக்கமான உயரம் 36 அங்குலம். அதில் நின்றால் அவர் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும், அதனால் 38 அங்குலமாக உயர்த்தினார்கள். சுவரில் துளைப் பலகை அடித்து, பாத்திரங்களை மாட்டி, எது எங்கே என்று தெரிய ஒவ்வொன்றின் வெளிக்கோட்டையும் வரைந்து வைத்தார் பால். 2001-ல் ஜூலியா அதை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டார், வாஷிங்டனில் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். படத்தைப் பாருங்கள். அடைசலாக இருக்கும், பச்சை-நீலப் பெயின்ட் அலமாரி, நடுவே ஒரு சாதாரண மேஜை. நம் ஜூரியில் வைத்தால் 'கான்செப்ட் எங்கே?' என்பார்கள். இரண்டு அங்குலம்தான் கான்செப்ட்.

உடனே 'அப்போ அந்தக் காலம் பொற்காலமா?' என்று மூக்கை நுழைப்பீர்கள். இல்லவே இல்லை. நடையை மிச்சப்படுத்தினார்கள் சரி, யாருடைய நடையை? அந்த வரைபடங்களில் நிற்பது எப்போதும் ஒரே ஒரு பெண். 1926-ல் ஷூட்டே-லிஹாட்ஸ்கி வடிவமைத்த ஃப்ராங்ஃபர்ட் அடுப்படியே 1.9-க்கு 3.4 மீட்டர்தான், இரண்டாவது ஆள் நுழைந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் ஐக்லர் கட்டிய வீடுகளில் சுவரை எடுத்து அடுப்படியைத் திறந்துவிட்டார்கள். எதற்கு? அம்மா சமைத்துக்கொண்டே பிள்ளைகளையும் கவனிக்கலாமாம். ஒரு வேலை இரண்டாச்சு!

1959 ஜூலையில் மாஸ்கோ கண்காட்சியில் ஜெனரல் எலக்ட்ரிக் அடுப்படி ஒன்றைக் காட்டி, இந்த வீட்டை எங்கள் எஃகு ஆலைத் தொழிலாளியே வாங்கலாம், இதெல்லாம் பெண்களின் பாரத்தைக் குறைக்கத்தான் என்று நிக்சன் பெருமையடித்தார். பெண்களைப் பற்றிய அந்த முதலாளித்துவப் பார்வை எங்களிடம் இல்லை என்று குருஷ்சேவ் வெடுக்கென்று சொன்னார். (அவர் நாட்டு வீடுகளில் யார் சமைத்தார்கள் என்று நிக்சன் திருப்பிக் கேட்டிருக்கலாம்.) நான்கே வருடத்தில், 1963-ல், பெட்டி ஃப்ரீடனின் புத்தகம் வந்தது. அந்தப் பளபளப்பான வீடுகளுக்குள் பெண்கள் மூச்சு முட்டிக் கிடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தது. எல்லோரும் வாங்கலாம் என்பதும் பாதிப் பொய். லெவிட்டவுனில் கறுப்பர்களுக்கு வீடு விற்கவே மறுத்தார்கள். ஐக்லர் விற்றார், அதற்காகவே 1958-ல் கட்டுநர் சங்கத்தை விட்டும் விலகினார்.

ஆக, சமைக்கிறவரின் உடம்பை அளந்தது அந்தக் காலத்தின் நல்ல பாதி. சமைப்பது அவள் ஒருத்திதான் என்று நினைத்தது கெட்ட பாதி. நாம் முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டோம். இரண்டாவதைத் தொடவே இல்லை. உங்கள் ஐலண்டுக்கு இந்தப் பக்கம் நாலு ஸ்டூல் போட்டிருக்கிறீர்களே, அதில் உட்கார்ந்து காபி குடிப்பவர்கள் யார், அந்தப் பக்கம் நிற்பது யார்? இரண்டு பேர் சேர்ந்து காய் நறுக்க எங்கே இடம்? ஒருத்தர் ஐந்தடி, இன்னொருவர் ஆறடி என்றால் மேடை எத்தனை உயரம்? இதற்கு போர்டில் பதில் எழுதுங்கள், பிறகு எந்த மரம் வேண்டுமானாலும் ஒட்டுங்கள்.

வயிற்றெரிச்சல் இன்னொன்று. அமெரிக்காவில் ஐம்பதுகளின் அசல் ஸ்டீல் அலமாரிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் 'மிட்செஞ்சுரி' வெனீர் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகட்டுக்கு வேண்டியதெல்லாம் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் புதிதாக ஒரு பூச்சு.