இலவசம் என்றால் வாக்கு மாறலாமா?

"ஓசியில கிடைச்சத நிப்பாட்டினா உங்களுக்கென்ன நட்டம்?" லினக்ஸ் பேச்சு வந்தாலே சிலர் கேட்பது இதுதான்.

நட்டம் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் 2019 செப்டம்பரில் வந்தது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று நம்பித்தான் பலர் அதைத் தங்கள் சேர்வர்களில் போட்டார்கள். 2020 டிசம்பரில் ரெட் ஹெட் நிறுவனம் "2021 முடிவோடு சரி" என்று அறிவித்தது. பத்து வருட வாக்கு இரண்டே வருடமாகச் சுருங்கியது. அவர்கள் காசு கொடுக்கவில்லை, உண்மை. உழைப்பைக் கொடுத்தார்களே!

அதற்காக "இலவசமே வேண்டாம்" என்பதும் பிழை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் 2021இலேயே அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும் அந்த இடத்துக்கு வந்தன. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நின்றதே, அதை வேறு யாராவது எடுத்து நடத்த முடிந்ததா?

எனவே பாடசாலைக் கணினி அறைக்கு லினக்ஸ் போடும்போது "சும்மா கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வருடம்? யார் பொறுப்பு? இதைக் கேளுங்கள். உபுண்டு எல்டிஎஸ் ஐந்து வருடம். பொறுப்பு ஒரு கம்பனி. டெபியனும் எல்டிஎஸ் காலத்தோடு ஐந்து வருடம். நடத்துவது தன்னார்வலர்கள், ஒரு கம்பனி நினைத்து மூட முடியாது.

ஆனால் ஊர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளி, யாருமே தூர்வாராவிட்டால்? பிழை கண்டால் அறிவியுங்கள், தமிழாக்கத்தில் கைகொடுங்கள். அள்ளுவதோடு நிற்பவர்களுக்கு வாக்கு மாறியது பற்றிப் பேச என்ன உரிமை?