உடல் ஒன்று, பாட்டு ஐந்து

குமரி மாவட்டத்து வடசேரியில் மழை விட்ட இரவில் வேலியோரத்திலிருந்து எழும் இரைச்சலைச் சில்வண்டுச் சத்தம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய இரைச்சலில் பல பூச்சிகளின் குரல் கலந்திருக்கும். நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளும் இரவில் பாடுபவையே. இவற்றின் உணர்கொம்பு பெரும்பாலும் உடலைவிட நீளமானது. பகலில் வயல் வரப்பில் தாவும் குட்டைக்கொம்பு வெட்டுக்கிளி வேறு.

நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளில் பாடுவது பெரும்பாலும் ஆண்தான். அதுவும் தொண்டையால் அல்ல, முன்சிறகுகளால். இடது சிறகின் அடியில் ஒரு நரம்பில் நுண்ணிய பற்கள் வரிசையாக உள்ளன. வலது சிறகின் விளிம்பு அவற்றில் உரசும்போது, சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தாற்போல் ஒலி பிறக்கிறது. வலது சிறகில் உள்ள மெல்லிய சவ்வு அதை உரக்க ஒலிக்கச் செய்கிறது. இதுவே அழைப்பொலி, அதாவது பெண்ணை வரவழைக்கும் பாட்டு. பெண்ணுக்குக் காது முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இருட்டில் உருவம் தெரியாது. தன் இனத்து ஆண் எது என்பதைப் பாட்டின் தாளம்தான் தொலைவிலிருந்தே சொல்கிறது.

மெகோபோடா எலாங்கேட்டா என்ற நீளக்கொம்பு வெட்டுக்கிளியை எடுத்துக்கொள்வோம். காய்ந்த இலையைப் போன்ற சிறகு, நெடிய பின்னங்கால்கள். லின்னேயஸ் 1758லேயே இதற்குப் பெயரிட்டுவிட்டார். இந்தியா முதல் கிழக்காசியா வரை பரவியது என்று நூல்கள் சொல்லும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் தென்னிந்தியாவில் இதன் பாட்டைப் பதிவுசெய்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உடலை வைத்துப் பிரிக்க முடியாத இந்தப் பூச்சிகளிடம் ஐந்து வெவ்வேறு பாட்டுகள் இருந்தன. ஒரு வகை விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. இன்னொன்றின் பாட்டில் இரு பகுதிகள் உண்டு. ஹெலிகாப்டர் என்றே பெயர் பெற்ற வகையும் இருக்கிறது.

கீச்சிடும் வகையில் வியப்பான ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து ஆண்கள் ஒரே நேரத்தில் கீச்சிடுகின்றன. இதற்குத் தலைவன் யாரும் கிடையாது. அண்டையிலிருப்பவனின் ஒலியைக் கேட்டதும், ஒவ்வோர் ஆணும் தன் அடுத்த கீச்சின் நேரத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. அவ்வளவில் தாளம் சேர்ந்துவிடுகிறது.

இந்த வகைகளில் சில ஒரே இடத்தில் சேர்ந்தே வாழ்கின்றன. அப்படி வாழ்ந்தும் பாட்டுகள் கலந்துவிடவில்லை. எனவே ஓர் இனம் என்று நாம் எண்ணியது பல இனங்களாக இருக்கக்கூடும். அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த பூச்சிகளைக் கொண்டு மட்டும் பரவல் வரைபடம் போட்டால், ஐந்துக்கும் சேர்த்து ஒரே புள்ளிதான் விழும்.

மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி, இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் பூச்சிகளைக் கணக்கெடுப்பவர்கள் ஒலியையும் சேர்த்துப் பதிவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் காதுக்கு எட்டாத உச்ச அலைகளைக் கைப்பேசி தவறவிடும். ஆனால் தாளத்தைப் பிடித்துவிடும். அருகே அன்றைய வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும். சூடு கூடினால் பூச்சியின் பாட்டு விரைந்துவிடும். அந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டு ஊர்ப் பாட்டுகளை ஒப்பிட முடியாது.