வராதவர்கள் பதிவேடு யார் கையில்?

டீக்கடையில் ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அமெரிக்கப் பட்டாளத்துலேர்ந்து ஒருத்தனைத் துரத்திட்டா நல்ல சேதிதானே? ஏகாதிபத்தியத்துக்குத் துப்பாக்கி தூக்க ஒரு கை குறைஞ்சிது. அவன் எதுக்குத் திரும்பப் போய் மனு எழுதிக்கிட்டு நிக்கணும்? அதைப் பத்தி நீங்க எதுக்கு எழுதணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புரட்சிகரமாகக்கூட இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒரு காகிதத்தின் கனத்தை அறியாதவர்கள். நான் வங்கியில் குமாஸ்தா. காகிதத்தின் கனம் எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் வாழ்க்கை மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு வரியில் முடிந்துபோவதை தினம் பார்க்கிறேன். அதனால் இந்த விஷயத்தை டீக்கடையில் விட்டுவிட்டு வர முடியவில்லை.

1

முதலில் இது என்ன பட்டாளம் என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் முழுநேர ராணுவம் ஒன்று. அதற்குப் பின்னால் ரிசர்வ் படை என்று ஒன்று. ரிசர்வில் இருப்பவர் வாரம் முழுக்க லாரி ஓட்டுவார், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பார், கல்லூரியில் படிப்பார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார். வருடத்தில் இரண்டு வாரம் தொடர் பயிற்சி. கையெழுத்துப் போட்டால் மொத்தம் எட்டு வருடக் கடமை. வழக்கமாக அதில் ஆறு வருடம் இப்படி மாதாமாதம் ஆஜராக வேண்டும்.

ஒரு வார இறுதியை நான்கு அமர்வுகளாகக் கணக்கு வைக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் அனுமதியில்லாமல் ஒன்பது அமர்வு வராவிட்டால் அந்தச் சிப்பாய் 'திருப்தியற்ற பங்கேற்பாளர்'. கூட்டிப் பாருங்கள். இரண்டு வார இறுதியும் ஒரு காலைப்பொழுதும். அவ்வளவுதான்.

யார் இந்த வேலைக்கு வருகிறார்கள்? கல்லூரிச் சம்பளத்துக்கு வழியில்லாதவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். 1984இல் போட்ட கல்விச் சட்டம் ரிசர்வில் ஒழுங்காக வருகிறவருக்குப் படிப்புப் பணம் தருகிறது. அந்தப் பணமே தூண்டில்.

இப்படி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை. பார்த்துக்கொள்ள அம்மா மட்டும்தான். அம்மா படுத்துவிட்டாள். பயிற்சி நடக்கிற இடம் நூறு மைல். வண்டி ரிப்பேர். கடை முதலாளி ஞாயிறு ஷிப்டு போடுகிறான். ஒரு மாதம் போகவில்லை. அடுத்த மாதம் போன் செய்து சொன்னாள். எடுத்தவர் எழுதி வைக்கவில்லை. மூன்றாம் மாதம் வாடகை கட்ட முடியாமல் வீடு மாறினாள். எச்சரிக்கைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. அவள் 'ஓடிப்போனவள்' ஆக இன்னும் ஒரு காலைப்பொழுதுதான் பாக்கி.

ஆபீசில் மெமோ வாங்கியவர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. பதிவேட்டில் அவள் அம்மா கிடையாது, வண்டி கிடையாது. 'வரவில்லை' என்ற ஒரே சொல் இருக்கிறது.

2

தோழர் சொல்கிற 'துரத்திட்டாங்க' எப்படி நடக்கிறது? கோர்ட் இல்லை. நீதிபதி இல்லை. இது நிர்வாக நடவடிக்கை. அனுப்பும்போது கையில் கொடுக்கிற காகிதத்தில் ஒரு தரம் எழுதப்படும். ஒன்று, கௌரவமான விடுவிப்பு. இரண்டு, பொது விடுவிப்பு. மூன்று, 'கௌரவமான நிலைமைகள் அல்லாத' விடுவிப்பு. நல்லவர், சுமாரானவர், கெட்டவர். மனிதனை மூன்று அடுக்காகப் பிரித்து முத்திரை குத்துகிற வேலை. இந்த வேலையைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது முத்திரை விழுந்தால், இருக்கிற பதவி போய் அடிமட்டச் சிப்பாய் பதவிக்கு இறக்கப்படுவார். படிப்புப் பணம் நிற்கும். சேரும்போது கொடுத்த ஊக்கத்தொகையில் 'உழைக்காத பாகத்தை'த் திருப்பிக் கட்டு என்று கடன் நோட்டீஸ் வரும். பட்டாளத்துக்குப் போனவரின் பழைய வேலையைக் காப்பாற்ற 1994இல் ஒரு சட்டம் வந்தது. இந்த முத்திரை உள்ளவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. பிறகு ஆயுசு முழுக்க ஒவ்வொரு வேலை விண்ணப்பத்திலும் ஒரு கட்டம்: ராணுவத்தில் இருந்தீர்களா? எப்படி வெளியே வந்தீர்கள்?

துப்பாக்கி கீழே விழுந்தது சரி தோழர். முத்திரை கீழே விழவில்லையே. அது அவள் கூடவே வருகிறது. இதையா விடுதலை என்கிறீர்கள்?

3

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, வரலைன்னா வரலைதானே" என்று இன்னொரு கூட்டம் சொல்லும். நேர்மையான, சட்டத்தை மதிக்கிற, மாதச் சம்பளம் வாங்குகிற கூட்டம். அவர்களுக்கு ஒரு கதை.

வியட்நாம் போர் நடந்த காலத்தில் ரிசர்வும் தேசியக் காவல்படையும் போருக்குப் போகாமல் தப்பிக்கிற சந்து. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சந்தில் நுழைந்தார்கள். 1968 வாக்கில் தேசியக் காவல்படையில் கருப்பர்கள் சுமார் 1 சதவீதம்தான். அந்த 1968இல் டெக்சாஸ் வான் காவல்படையில் சேர்ந்த ஒரு வாலிபரின் பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அப்பா அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். 1972 ஆகஸ்டில், வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்குப் போகாத காரணத்தால் அவர் விமானம் ஓட்டுவது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வருடம் அவர் அலபாமாவில் ஒரு செனட் தேர்தல் வேலையில் இருந்தார். 1973 அக்டோபரில், ஒப்புக்கொண்ட ஆறு வருடம் முடியும் முன்பே, ஹார்வர்டில் படிக்கப் போவதற்காகக் கௌரவமான விடுவிப்பு கிடைத்தது. அலபாமாவில் பயிற்சிக்கு வந்தாரா இல்லையா என்று 2004 தேர்தலில் நாடே சண்டை போட்டது. வெள்ளை மாளிகை பழைய சம்பளப் பதிவேடுகளை எடுத்துக்காட்டி, கடமையை முடித்துவிட்டார் என்றது.

அவர் வந்தாரா வரவில்லையா என்ற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது இது: அவருக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. அவருக்காகப் பதிவேட்டைத் தேடி எடுக்க ஒரு மாளிகையே இருந்தது. நூறு மைல் தள்ளி வண்டி ரிப்பேரான அந்தப் பெண்ணுக்காக யார் தேடுவார்கள்?

விதியிலேயே இடம் இருக்கிறது. வராதவரை வெளியே தள்ளாமல், மாதாந்தரப் பயிற்சி இல்லாத பெயர்ப்பட்டியலுக்கு மாற்றி வைக்கலாம். விடுப்பை அனுமதிக்கலாம். விட்ட பயிற்சியை வேறு நாளில் வைக்கலாம். எதைச் செய்வது என்பது மேலதிகாரியின் விருப்பம். அந்த விருப்பம் யார்மேல் கருணையாக விழும், யார்மேல் கல்லாக விழும்? 'விதி ஒன்றுதான்' என்பவர்கள் விதியைப் படித்தவர்கள். அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் 'அதிகாரி கருதினால்' என்ற சொல்லைப் படிக்காதவர்கள்.

4

வரலாறு கேட்கிறவர்களுக்கு நீலக் காகிதத்தைக் காட்டுகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் ஒருவகை விடுவிப்புக் காகிதம் கொடுத்தது. நீல நிறத் தாள். கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை என்று வாயால் சொன்னார்கள். நடைமுறையில் அதை வாங்கியவனுக்கு வேலை இல்லை. 1944இல் வந்த படைவீரர் சட்டத்தின் படிப்பு, வீட்டுக்கடன் சலுகைகளையும் அதிகாரிகள் மறுத்தார்கள். 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை ராணுவம் கொடுத்த நீலத்தாள் 48,603. அதில் 10,806 கருப்பர்களுக்கு. ராணுவத்தில் கருப்பர்கள் 6.5 சதவீதம், நீலத்தாளில் 22 சதவீதம். ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று சொல்லியும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே தாள். எவனெவன் வேண்டாமோ அவனவன் கையில் நீலம்.

பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கருப்பர் பத்திரிகை அப்போது என்ன செய்தது? 'ஏகாதிபத்தியப் பட்டாளம் உன்னை விட்டது, சந்தோஷப்படு' என்று எழுதவில்லை. நீலத்தாளை அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளாதே என்று எச்சரித்தது. வாங்கிவிட்டாயா, எப்படி மேல்முறையீடு செய்வது என்று வழிமுறையை அச்சடித்துப் போட்டது. நாடாளுமன்றக் குழு விசாரித்து 1946இல் அறிக்கை வந்தது. 1947இல் நீலத்தாள் ஒழிந்தது. அதன் இடத்தில் வேறு பெயர் வைத்த தாள்கள் வந்தன என்பது வேறு சோகம். ஆனாலும் தோழர்களே, ஒரு பத்திரிகை தன் பக்கங்களில் மனு எழுதக் கற்றுக்கொடுத்தது. அதுவும் இலக்கியம்தான். கவிதை எழுதுகிறவன் சொல்கிறேன்.

5

மேல்முறையீட்டின் வாசலுக்கு வருவோம். வாசல்கள் இரண்டு. 1944 சட்டம் உண்டாக்கிய விடுவிப்பு மறுஆய்வு வாரியம் ஒன்று. 15 வருடத்துக்குள் மனுப்போட வேண்டும். 1946 சட்டம் வழிவிட்ட ராணுவப் பதிவுத் திருத்த வாரியம் இன்னொன்று. தவறு தெரியவந்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், நியாயம் கருதித் தாமதத்தை மன்னிக்கலாம்.

உள்ளே போனதும் முதல் அடி. 'அரசு அலுவலர்கள் முறைப்படிதான் நடந்திருப்பார்கள்' என்ற அனுமானத்தில்தான் வாரியம் உட்காருகிறது. முறைகேடு நடந்தது என்று மனுதாரரே நிரூபிக்க வேண்டும். கோப்பு யாரிடம் இருக்கிறது? அவர்களிடம். எழுதியது யார்? அவர்கள். பொய் என்று காட்ட வேண்டியது மட்டும் நீ.

மறுஆய்வு வாரியம் இரண்டு கேள்வி கேட்கிறது. முறைப்படி நடந்ததா? நியாயமாக நடந்ததா? பெரும்பாலானவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, 'சின்ன வயசு, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிக்கணும்' என்று எழுதத் தோன்றும். 2018இல் பாதுகாப்புத் துறை விட்ட வழிகாட்டுதலும் வருத்தம் தெரிவிப்பதை ஓர் அம்சமாகக் கணக்கில் எடுக்கிறது. அதே வழிகாட்டுதல், கௌரவமான விடுவிப்புக்குக் குறையே இல்லாத சேவை தேவையில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போர் அதிர்ச்சி, மனநலச் சிக்கல், படைக்குள் நடந்த பாலியல் வன்முறை காரணமாக வராமல் போனவர்களின் மனுவைத் தாராளமாகப் பார்க்கவேண்டும் என்று 2014லும் 2017லும் வந்த சுற்றறிக்கைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். தன்னைக் கெடுத்தவன் நிற்கும் வரிசையில் போய் நிற்க முடியாமல் பயிற்சிக்கு வராதவளை 'திருப்தியற்றவள்' என்று எழுதிய கை எது என்று கேளுங்கள்.

ஆனாலும் முதல் கேள்வியை முதலில் வையுங்கள். ஒவ்வொரு முறை வராதபோதும் கடிதம் போனதா? பதிவுத் தபால் சான்று கோப்பில் இருக்கிறதா? எந்த முகவரிக்குப் போனது? புது முகவரியை அவள் கொடுத்தாளா, கொடுத்ததை யார் ஏற்றவில்லை? சரியான முகவரிக்குப் போன கடிதத்தை வாங்கவில்லை என்று சொல்வது செல்லாது. ஆகவே 'சரியான முகவரி' என்பதில்தான் போர்க்களம். மோசமான முத்திரை குத்துவதற்கு முன் வாரிய விசாரணை கேட்கும் உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் உண்டு, அதைச் சொன்னார்களா? மன்னிப்புக் கேட்டால் குற்றவாளி நீ. முறை கேட்டால் கூண்டில் நிற்பது அவர்கள். வருத்தத்தை மனுவின் கடைசிப் பாராவில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் உண்மையாக இருந்தால்.

6

தோழர், இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பட்டாளத்தின் குண்டுகள் எங்கெல்லாம் விழுந்தன என்று எனக்கும் தெரியும். அதை எதிர்க்கிற கூட்டத்தில் நானும் நிற்பேன். ஆனால் பட்டாளத்தை எதிர்ப்பதும், பட்டாளம் ஒரு ஏழைமேல் குத்திய முத்திரையை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. முத்திரையை ஏற்றுக்கொண்டால் அந்தப் பட்டாளத்தின் தீர்ப்பை நாம் வழிமொழிகிறோம்.

1906இல் டெக்சாசின் பிரவுன்ஸ்வில் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பழி கருப்புச் சிப்பாய்கள்மேல். விசாரணை மன்றமே இல்லாமல் 167 பேரைக் கௌரவமின்றி வெளியேற்றினார் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1972இல்தான் ராணுவம் அந்தக் கறையைத் துடைத்தது. 66 வருடம். பிறகு அறிவித்த 25,000 டாலரை வாங்க உயிரோடு இருந்தவர் டோர்சி வில்லிஸ். வாழ்நாளின் பெரும்பகுதி ஷூ பாலிஷ் போட்டவர். மற்றவர்களில் பெரும்பாலானவர்கள் முத்திரையோடு புதைக்கப்பட்டார்கள். அவர்களிடம் போய், 'பட்டாளத்திலிருந்து தப்பித்தீர்களே' என்று சொல்ல யாருக்காவது நாக்கு வருமா?

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. கோஷம் எழுதக் கற்றுக்கொண்டீர்கள். நல்லது. மனு எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். தேதி போடுங்கள். நகல் வையுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்னதை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். அதிகாரம் மறந்துபோவதுபோல நடிக்கும்; நம் கையில் இருக்கிற ரசீது மறக்காது.

'வரவில்லை' என்று எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத அடுத்த வரி காலியாகத்தான் இருக்கிறது. அந்த வரியை நாம் எழுதாவிட்டால் அதையும் அவனே எழுதுவான்.