எச்.பி. பைத்தியம்

"கப் பிடிக்கமாட்டேங்குதா? பம்பைப் பெருசாப் போடுங்க சார்!"

போன வாரமும் ஒரு முதலாளி இதையே சொன்னார். அட்டைப்பெட்டிகளை வேக்குவம் கப்பால் தூக்கி அடுக்கும் ஆலை. பெட்டிகள் நழுவுகின்றன. 3 எச்.பி. பம்பை மாற்றி 5 எச்.பி.க்கு ஆர்டரும் கொடுத்துவிட்டாராம். என்னை அழைத்தது ஆசி வழங்க மட்டும்தான் போலிருக்கிறது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை ஐயா! பெட்டியைக் கப்போடு சேர்த்து அழுத்துவது வெளிக்காற்று. அதன் பலம் கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 10 செ.மீ. விட்டமுள்ள கப் என்றால், உள்ளிருக்கும் காற்றைச் சொட்டு விடாமல் உறிஞ்சினாலும் 81 கிலோதான். 500 எச்.பி. போட்டாலும் அதே 81 கிலோதான்.

1650களிலேயே முடிந்துபோன வழக்கு இது. ஜெர்மனியில் மாக்டெபர்க் நகர மேயர் ஆட்டோ வான் கெரிக் இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை எடுத்தார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரியவில்லை. காற்றை எடுத்ததோ கைப்பம்பு! அங்கே தோற்ற குதிரைகளைத்தான் நம்மவர்கள் மோட்டாரில் தேடுகிறார்கள்.

அட்டை காற்றைக் கசியவிடும். அதற்கு வேண்டியது ஆழமான வெற்றிடமல்ல, கசிவை ஈடுகட்டும் காற்றோட்டம். அதற்குப் பிளோயர் இருக்கிறது. வெற்றிடத்தை 60 சதவீதத்திலிருந்து 90க்கு ஏற்றினால் பிடிமானம் ஒன்றரை மடங்காகத்தான் ஆகும். மின்செலவு பல மடங்கு எகிறும். அந்த ஆலையில் பம்புக்கும் கப்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத ஹோஸ். கப்பின் உதடு கிழிந்து கிடக்கிறது. பில்டரை யாரும் கழற்றிப் பார்த்த அடையாளமே இல்லை. கெரிக்கின் கைப்பம்பில் கசிவை அடைக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். இங்கே கசிவை அடைக்க 5 எச்.பி.!

வீட்டு போர்வெல்லிலும் இதே மோகம்தான். பக்கத்து வீட்டுக்காரர் 1 எச்.பி. போட்டால் நமக்கு ஒன்றரை வேண்டும். குழியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. கேட்டால் கஞ்சன் பட்டம்.

அதைக்கூட மன்னிக்கலாம். எச்.பி.க்குப் பணம் தேடி, கொட்டேஷனில் செக் வால்வையும் ரிசர்வ் டேங்கையும் அலாரத்தையும் அடித்துவிடுகிறார்களே, அதை மன்னிக்க முடியாது. கரன்ட் போன பிறகு சரக்கைச் சற்று நேரமாவது தாங்குவதும், இறக்கி வைக்கச் சொல்லிக் கத்துவதும் அவைதான். அப்போது 5 எச்.பி. வெறும் இரும்பு. பிடிமானத்தில் இரண்டு மடங்கு பாதுகாப்பு, சரக்கை நிற்கவைத்துத் தூக்கினால் நான்கு மடங்கு என்று கணக்குப் போடுவது அலங்காரத்துக்கு அல்ல.

செக் வால்வையும் அலாரத்தையும் அடிக்கும் முதலாளிகளே, முதலில் அந்தச் சரக்குக்குக் கீழே நீங்கள் நின்று காட்டுங்கள்.