பெயர் மட்டும் மிஞ்சிய நகரம்! கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி மீண்டும் இடம் மாறுவது ஏன்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரை விட்டு, அந்நகரின் கால்பந்து அணியான பிரவுன்ஸ் கிளம்பத் தயாராகிவிட்டது. இந்த முறை பக்கத்து ஊரான புரூக் பார்க்குக்கு. ஆனா 30 வருஷத்துக்கு முன்னாடி பட்ட அடியை ரசிகர்கள் இன்னும் மறக்கல.

1995-ல் என்ன நடந்தது?

1946-ல் ஆடத் தொடங்கிய அணி இது. 1961-ல் ஆர்ட் மோடெல் இதை வாங்கினார். உள்ளூர் பேஸ்பால் அணிக்குப் புது மைதானம் கிடைத்தது. இவர் கையில் இருந்ததோ பழைய ஸ்டேடியம். நஷ்டம் என்றார். வாடகை இல்லாத புது ஸ்டேடியம் தருவதாக பால்டிமோர் அழைக்க, 1995 நவம்பர் 6-ல் இடமாற்றத்தை அறிவித்தார்.

கொடுமை என்னன்னா, அடுத்த நாளே ஸ்டேடியத்தைப் புதுப்பிப்பதற்கான மது, சிகரெட் வரியை நீட்டிக்க மக்கள் 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு தந்து வாக்களித்தார்கள். கடைசி ஹோம் மேட்சில் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்தில் வீசினார்கள்.

பால்டிமோர் ஏன் அழைத்தது?

அவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான். 1984-ல் கோல்ட்ஸ் அணி ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமான்களை ஏற்றி இண்டியானாபொலிஸ் போய்விட்டது.

கிளீவ்லாந்துக்கு என்ன கிடைத்தது?

வழக்கு, போராட்டத்துக்குப் பிறகு 1996-ல் ஒரு சமரசம். வீரர்கள் பால்டிமோர் போய் 'ரேவன்ஸ்' ஆனார்கள். பெயர், நிறம், சாதனைப் பதிவுகள் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999-ல் புது பிரவுன்ஸ் களமிறங்கியது. ரேவன்ஸ் இரண்டு முறை சூப்பர் பவுல் வென்றுவிட்டது. பிரவுன்ஸ் இன்றுவரை அந்த இறுதிப் போட்டியை எட்டியதே இல்லை.

சட்டம் காப்பாற்றவில்லையா?

1996-ல் ஒஹாயோ 'மோடெல் சட்டம்' கொண்டுவந்தது. வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி, நகரத்தின் சம்மதம் இல்லாமல் வெளியேற முடியாது. அல்லது 6 மாதம் முன்பே சொல்லி, உள்ளூர்க்காரர்கள் அணியை வாங்க வாய்ப்பு தர வேண்டும்.

2018-ல் கொலம்பஸ் க்ரூ என்ற சாக்கர் அணி ஆஸ்டினுக்குப் போகவிருந்தபோது, இந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டவர் அப்போதைய மாகாண அட்டர்னி ஜெனரல் மைக் டிவைன். அந்த அணியை வாங்கியவர்களில் ஹஸ்லம் குடும்பமும் ஒன்று. பிரவுன்ஸ் உரிமையாளர்களும் அவர்களே!

இங்கதான் ட்விஸ்ட். அதே சட்டத்தைக் காட்டி ஹஸ்லம் குடும்பத்தைத் தடுக்க கிளீவ்லாந்து நீதிமன்றம் போனது. ஆனால் 2025 பட்ஜெட்டில், மாகாணத்தை விட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டுமே பொருந்தும்படி சட்டம் சுருக்கப்பட்டது. புது ஸ்டேடியத்துக்கு 60 கோடி டாலர் அரசு நிதியும் ஒதுக்கப்பட்டது. கையெழுத்திட்ட ஆளுநர்? அதே மைக் டிவைன்.

அடுத்து என்ன?

2025 அக்டோபரில் 10 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நகரம் சமரசம் ஆனது. 2029-ல் புது ஸ்டேடியத்தைத் திறக்கத் திட்டம். 1996-ல் போராடி மீட்ட பெயர் இப்பவும் அணியோட இருக்கு. மேட்ச் பார்க்கத்தான் ரசிகர்கள் ஊரைத் தாண்டணும்.